சம்யுவுக்கும் சேர்த்து

முட்டையை இன்னும் உடைக்கவில்லை. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்தபோது இருந்த குளிர் போய், கொஞ்சம் கொஞ்சமாக என் கைச்சூடு ஏறி, இப்போது அது உள்ளங்கையில் முளைத்த ஒன்று மாதிரி இருக்கிறது. மணி ஆறு பத்து. ஏழு முப்பத்தைந்துக்கு வேன் வரும். அதற்குள் பணியாரம் சுட்டு, பருப்பு சாதம் பிசைந்து, கேரட்டைத் தாளித்து, தண்ணீர் பாட்டிலை நிரப்பி, நறுமுகையை எழுப்பிக் குளிப்பாட்டி, இரட்டைச் சடை பின்னிக் கீழே இறக்க வேண்டும். எல்லா நாளும் செய்வதுதான், கை தானாகச் செய்யும், நான் வேறெதையாவது நினைத்துக்கொண்டு நிற்பேன். இன்று கை நின்றுவிட்டது. எதிரில் மாவுக் கிண்ணம், வெல்லப்பாகு கலந்து, ஏலக்காய் தட்டிப் போட்டு, தேன் நிறத்தில், மேலே சின்னச் சின்னக் கொப்புளங்களுடன். வழக்கமாக இந்த இடத்தில் கிண்ணத்து விளிம்பில் ஒரு தட்டு, டக்கென்று ஒரு சத்தம், முட்டையை ஊற்றி நுரைக்க நுரைக்க அடித்துவிட்டு, ஓடுகளை வெங்காயத் தோலுக்கு அடியில் புதைத்துவிடுவேன். புதைத்துவிடுவேன் என்று எனக்கு நானே சொல்லிப் பார்க்கும்போதுதான் எப்படியோ இருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை குப்பைக் கூடையைக் கிளறவா போகிறாள்? ஆனாலும் ஜூன் மாதத்திலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் இப்படித்தான். "முட்டைய கையில வச்சிக்கிட்டு என்ன, ஜோசியமா பாக்குற?" பின்னால் அவர் குரல். செல்வமணி, என் கணவர், ரயில்வே பணிமனைக்குக் கிளம்பும் அவசரத்தில் சட்டைப் பொத்தானைப் போட்டபடியே டீக்கு நிற்கிறார். "இருங்க, தர்றேன்" என்று முட்டையை ஒரு டம்ளருக்குள் வைத்தேன், உருண்டுவிடாமல்.

நேற்று சாயங்காலம் மைதிலி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இதுவரை நான்கு தடவை கேட்டாகிவிட்டது. மைதிலி சம்யுக்தாவின் அம்மா. சம்யுக்தா என் மகளுக்கு ஒன்றாம் வகுப்பில் பக்கத்து இடம், ஒரே வேன், ஒரே சிநேகிதி. மைதிலி என்னைவிடப் பத்து வயதாவது சின்னவள், வங்கியில் வேலை, எப்போதும் படியேறி வந்தவள் மாதிரி மூச்சு வாங்கப் பேசுவாள், நடுநடுவே சிரிப்பாள். "திலகாக்கா, ஒரு ஹெல்ப். நாளைக்கு எனக்கு ஆடிட், காலங்கார்த்தால மணப்பாறைக்கு பஸ் பிடிக்கணும். மாமியாரும் ஊர்ல இல்ல, எங்காத்துக்காரர்தான் சம்யுவ வேன்ல ஏத்தி விடணும். சம்யுவுக்கு மத்தியானத்துக்கு தயிர் சாதம் கலந்து வெச்சுடறேன். ஸ்நாக்ஸுக்கு மட்டும் உங்க பணியாரம் ஒரு ஆறு அவளுக்கும் சேர்த்து வெச்சுட முடியுமா? நறுமுகை டப்பாவிலேருந்து மூணு இவதான் சாப்பிடறாளாமே, எனக்கு இன்னைக்குத்தான் சொல்றா. வெக்கமா போச்சு. பதிலுக்கு என்னோட தட்டையெல்லாம் உங்க பொண்ணு காலி பண்றாளாம், நல்ல பண்டமாற்று. அப்புறம் அக்கா, அது எப்படிப் பண்றதுன்னு சொல்லணும் நீங்க. எங்காத்துல பண்ணா கூழாங்கல்லு மாதிரி வருது. உங்களுது மட்டும் எப்படி அவ்ளோ மெத்துனு வருது? இந்த டேர்ம்ல சம்யு கன்னமெல்லாம் பூசினாப்ல ஆயிட்டா, எல்லாம் உங்க கைதான் போல." அதோடு சிரிப்பு, அதோடு முடிகிறது. எப்படி மெத்தென்று வருகிறது. ஊரில் கேட்பதற்கு எத்தனை கேள்வி இருக்கிறது, அவளுக்கு இந்த ஒன்றுதான் கிடைத்தது. நான் ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தேன். முதலில் மனசில் வந்தது பயமில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும், முதலில் வந்தது ஒரு கணக்கு. போன மாதம் டாக்டர் நறுமுகையைத் தராசில் நிறுத்திப் பார்த்துவிட்டு, "தினமும் முட்டை குடுக்கச் சொன்னேனே, குடுக்குறீங்களா இல்லையா? மூணு மாசத்துல இருநூறு கிராம்கூட ஏறலையேம்மா" என்றார். கொடுக்கிறேன் டாக்டர், டப்பா காலியாகத்தான் வருகிறது, நக்கின மாதிரி வருகிறது, நான் அதைக் கழுவும்போதெல்லாம் சந்தோஷப்படுகிறேன் என்று சொல்லத் தோன்றியது, சொல்லவில்லை. என் மகளுக்கு ஏறாத எடை எந்தக் கன்னத்தில் போய் ஏறியிருக்கிறது என்று நேற்றுத்தான் தெரிந்தது. அந்தக் குழந்தை மேல் ஒரு நொடி கோபம் வந்தது. ஒரு நொடிதான். பிறகுதான் மற்றது வந்தது, மெதுவாக, ஈரம் சுவரில் ஏறுவதுபோல. அவர்கள் வீட்டில் முட்டை என்ற பேச்சே கிடையாது. அந்தப் பிள்ளை பிறந்ததிலிருந்து அதைத் தொட்டதில்லை. நான் தொடவைத்திருக்கிறேன்.

டீயைக் கொடுக்கும்போது அவரிடம் சொன்னேன். அவர் டம்ளரை வாய்க்குக் கொண்டுபோனவர் நிறுத்தி, பிறகு சிரித்தார். "ஜூன்ல இருந்தா? அதான் அந்தப் பிள்ளை ஜம்முனு இருக்கு." "சிரிக்காதீங்க." "சரி, சிரிக்கல. இப்ப என்ன, இன்னைக்கு முட்டை இல்லாம சுட்டு வச்சிரு. முடிஞ்சுபோச்சு." "எப்படிச் செய்யுறதுன்னு கேட்டிருக்காளே." "ஏதாச்சும் சொல்லு. சோடா உப்புன்னு சொல்லு. நீ பாட்டுக்கு அரிச்சந்திரன் பொண்டாட்டி மாதிரி போய் எல்லாத்தையும் சொல்லிப்புட்டேன்னு வையி, நாளைக்கு நம்ம பிள்ளைதான் தனியா உக்காரும். அது வாயத் தொறந்தே நாலு மாசந்தான் ஆவுது, திலகா." சொல்லிவிட்டுப் போய்விட்டார். படியில் அவர் செருப்புச் சத்தம் இறங்குவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். சரியான இடத்தில் கையை வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். எல்.கே.ஜி., யு.கே.ஜி. இரண்டு வருஷமும் நறுமுகை பள்ளியில் ஒரு வார்த்தை பேசவில்லை. வீட்டில் கிளிமாதிரி, வேனில் ஏறினால் ஊமை. டீச்சர் என்னைக் கூப்பிட்டு, காது பரிசோதனை செய்தீர்களா என்று கேட்டார். நாற்பதை நெருங்கிப் பெற்ற பிள்ளை, அதற்கு முன்னால் இரண்டு தங்காமல் போனவை, அதனால் எந்தக் குறை சொன்னாலும் என் உடம்பு உடனே ஒப்புக்கொண்டுவிடும், ஆமாம் என்னிடமிருந்துதான் என்று. இந்த ஜூனில் ஒரு நாள் வேனிலிருந்து இறங்கினவள், "அம்மா, சம்யுவுக்கு முன்பல்லு ஆடுது, நான் ஆட்டிப் பாத்தேன்" என்றாள். இன்னொரு பிள்ளையின் வாய்க்குள் கைவிட்டுப் பல்லை ஆட்டுகிற அளவுக்கு என் மகளுக்கு ஒருத்தி கிடைத்திருக்கிறாள் என்று அன்றைக்கு இதே அடுப்படியில் நின்று நான் அழுதேன். அந்த ஒருத்தியைத்தான் இப்போது ஒரு முட்டையை நடுவில் வைத்து எண்ணிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு முட்டை ஊற்றினால் பதினான்கு பணியாரம். அவளுக்கு மூன்று. வாரத்துக்கு மூன்று நாள், பரீட்சை விடுமுறை போக நாற்பத்தைந்து நாளாவது இருக்கும். ஏறக்குறைய ஒன்பதரை முட்டை. ஒன்பதரை என்று வந்ததும் அந்த அரை முட்டை மனசில் போய்ச் சிக்கிக்கொண்டது. ஒன்பது என்றால் ஏதோ தப்பு குறைந்துவிடுகிற மாதிரி, பத்து என்றால் கூடிவிடுகிற மாதிரி. நான் விலங்கியல் படித்தவள். கோழிக் கருவைப் பதினெட்டு மணி, இருபத்து நான்கு மணி, முப்பத்து மூன்று மணி நேரம் என்று கண்ணாடித் தகட்டில் பார்த்துப் பென்சிலால் வரைந்து மதிப்பெண் வாங்கியவள். பண்ணை முட்டையில் உயிர் கிடையாது, சேவலே பார்க்காத கோழி போட்டது, அது மாதாமாதம் என்னிடமிருந்தும் போன ஒன்றைப் போலத்தான். இதை அழகாக, படம் போட்டு, மைதிலிக்கு விளக்கலாம். அவள் கேட்டது அதுவா? அவள் வீட்டு வாசலில் அவள் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாள், அந்தக் கோடு அறிவியலா இல்லையா என்பது அவள் பாடு. அவளுக்குத் தெரியாமல் அவள் பிள்ளையின் கையைப் பிடித்து அந்தக் கோட்டைத் தாண்டவைத்தது யார் பாடு?

கல் காய்ந்துவிட்டது. ஏழு குழியிலும் சொட்டுச் சொட்டாக நல்லெண்ணெய் விட்டு, வெறும் மாவை ஊற்றினேன். முட்டை டம்ளரிலேயே இருக்கிறது. நடுக்குழி முதலில், பிறகு சுற்றிலும், நடுவில் உள்ளது சீக்கிரம் சிவந்துவிடும் என்பதால் அதைக் கடைசியில் ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் இன்று மாற்றி ஊற்றினேன். மாவு குழியில் விழும்போது வருகிற அந்தச் சின்னச் சீறல், ஏழு தடவை, ஏழும் வேறு வேறு சுருதியில். கோபம் வருகிறது. இப்போது மைதிலி மேல் இல்லை, யார் மேல் என்று தெரியாத கோபம். ஒரு முட்டைக்கு எதற்கு இவ்வளவு? எல்.கே.ஜி.யில் முதல் மாதம் அவித்த முட்டையை நான்காக வெட்டி மிளகு தூவி வைத்து அனுப்பினேன், டைரியில் சைவம் மட்டும் என்று பொடி எழுத்தில் போட்டிருந்ததை நான் பார்க்கவில்லை. டப்பாவைத் திறந்ததும் சுற்றியிருந்த பிள்ளைகளெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு "ஐயே" என்றார்களாம். ஆயாம்மா நல்லவர்தான், திட்டவில்லை, "நாளைலேருந்து இது வேண்டாம்டா தங்கம்" என்று வராந்தாவுக்குக் கூட்டிப்போய்த் தனியாக உட்காரவைத்து, ஊட்டிக்கூட விட்டாராம். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது இவள் கேட்டாள், "அம்மா, நாம வெஜ்ஜா, நான்வெஜ்ஜா?" "நாம எல்லாம் சாப்பிடுவோம்டா." "நான் வெஜ்" என்றாள். அதோடு சரி. தட்டில் முட்டை வைத்தால் தட்டையே தள்ளிவிடுவாள். மீனையும் விட்டுவிட்டாள், அதிராம்பட்டினத்தில் பிறந்த என் வயிற்றில் பிறந்துவிட்டு. பள்ளியைக் குறை சொல்வது சுலபமாக இருந்தது, இரண்டு வருஷம் நான் சொல்லிக்கொண்டேதான் இருந்தேன். நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று யாரும் கேட்கவில்லை. பிள்ளை பிறக்கும்வரை நான் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் வேலை பார்த்தேன். சேர்ந்த இரண்டாவது வாரம் வறுத்த சங்கரா மீன் கொண்டுபோனேன். மத்தியானம் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருந்த மூன்று பெண்களும் பேச்சை நிறுத்தாமல், சிரித்துக்கொண்டே, ஆளுக்கொரு நாற்காலி தள்ளி உட்கார்ந்தார்கள். ஒருத்தரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். மறுநாளிலிருந்து எலுமிச்சை சாதம். பதினோரு வருஷம் எலுமிச்சை சாதம், தயிர் சாதம், எலுமிச்சை சாதம். அவர்கள் திரும்பவும் நாற்காலியைக் கிட்டே போட்டுக்கொண்டார்கள், நல்ல தோழிகளாகவே இருந்தார்கள், என் வளைகாப்புக்கு வந்து பாட்டுக்கூடப் பாடினார்கள். பணியாரத்தின் ஓரம் கல்லை விட்டுப் பிரிகிறது. கம்பியால் குத்தித் திருப்பினேன். மேலே எழும்பவில்லை. முட்டை இருந்தால் இந்நேரம் குழியை மீறிக் குண்டாக எட்டிப் பார்க்கும். இது அடங்கி, தலைகுனிந்து, குழியின் அளவுக்கே வெந்திருக்கிறது.

இரண்டாவது ஈடு ஊற்றும்போதுதான் அது ஞாபகம் வந்தது. ஞாபகம் வந்தது என்று சொல்லக் கூடாது, அது அங்கேயேதான் இருந்தது, நான் சுற்றி நடந்துகொண்டிருந்தேன். ஜூனில் பள்ளி திறந்த அன்று வாசலில் மைதிலியை முதன்முதலாகப் பார்த்தேன். இரண்டு பிள்ளைகளும் ஒரே நிறத்தில் பை வைத்திருந்தார்கள், அதைச் சொல்லிச் சிரித்துப் பேச ஆரம்பித்தோம். நான் அன்று சந்தன நிறப் புடவை, நெற்றியில் திருநீறு, சமயபுரம் போய்விட்டு நேரே வந்திருந்தேன். அவள் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நீங்களும் வெஜ்தானே?" என்றாள். நான் சிரித்தேன். "அப்பாடா. குழந்தைகள் ஷேர் பண்ணிக்கும், அதான் கேட்டேன்" என்றாள். நான் திரும்பவும் சிரித்தேன். இரண்டு சிரிப்பு. சம்யு சாப்பிடுவது எனக்குத் தெரியாது, தெரியாது என்று நேற்றிலிருந்து எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேனே, ஷேர் பண்ணிக்கொள்ளும் என்று அவள் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறாள். அடுத்த வாரம்தான் டாக்டர் முட்டை கொடுக்கச் சொன்னார், அடுத்த வாரம்தான் நான் இந்த வழியைக் கண்டுபிடித்தேன், என்ன சாமர்த்தியம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஏலக்காயைக் கூட ஒன்று தட்டிப் போட்டால் வாடையே தெரியாது என்று. போனை எடுத்தேன். "மைதிலி, ஒரு கை அவலை ஊறவச்சு மாவோட சேத்து அரைங்க, மெத்துனு வரும்" என்று தட்டினேன். அதுவும் பொய்யில்லை, அவல் போட்டாலும் கொஞ்சம் மெத்தென்று வரும். அனுப்புகிற அம்புக்குறியின் மேல் விரல் நின்றது. அனுப்பிவிட்டால் முடிந்தது. இனிமேல் முட்டையில்லாமல் சுடலாம், பிள்ளைகள் பாட்டுக்கு மாற்றித் தின்னட்டும், நடந்தது நடந்ததுதான், நடந்தது என்று யாருக்கும் தெரியாதபோது அது நடந்ததுதானா? பின்னால் "ஒண்ணு குடும்மா" என்று குரல் வந்தது. நறுமுகை கலைந்த தலையோடு வந்து என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். எழுப்பாமல் அவளாக எழுந்து வருவது பணியார நாளில் மட்டும்தான். போனைச் சர்க்கரை டப்பாவின் மேல் வைத்தேன், எழுதியது எழுதியபடி.

ஊதி ஊதி ஒன்றைக் கொடுத்தேன். கடித்தவள் மென்றுகொண்டே என்னைப் பார்த்தாள். "இது அது இல்லையே." "அதேதான்டா." "கெட்டியா இருக்கு. சம்யு கண்டுபிடிச்சிருவா." "உனக்கு ஆறு, சம்யுவுக்கு ஆறு, இன்னைக்கு ரெண்டு டப்பா." "அப்ப நாங்க மாத்திக்கத் தேவையில்லையா?" என்றாள், ஏதோ பறிபோன மாதிரி. குளிப்பாட்டினேன். முதுகெலும்பு விரலில் மணிமணியாக இடறியது. சீருடை போட்டு, சடை பின்னி, ஷூ எடுத்துவரச் சொல்லிவிட்டு, சாதத்தைப் பிசைந்தேன். பருப்பு சாதத்தைக் கொஞ்சம் தளர்வாகப் பிசைய வேண்டும், பன்னிரண்டரை மணிக்குள் இறுகிவிடும். டப்பாவை உடனே மூடக் கூடாது, ஆவி போகட்டும், இல்லாவிட்டால் மூடி வியர்த்துச் சொட்டும். இவையெல்லாம் எனக்கு நன்றாகத் தெரியும். நான்கு டப்பா மேடையில் திறந்து கிடந்தன, சாதம் ஒன்று, கேரட் ஒன்று, பணியாரம் இரண்டு, நான்கிலிருந்தும் ஆவி எழுந்து ஒன்றாகக் கலந்து ஜன்னல் பக்கம் போனது. நான் மூடியைத் துடைத்துக்கொண்டிருந்தபோது நறுமுகை ஒற்றை ஷூவோடு வந்தாள், எக்கி, தன் டப்பாவை இரண்டு கையாலும் எடுத்தாள், மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள். அதையும் மோந்தாள். சாதத்தையும். பரீட்சைத் தாளைத் திருத்துகிற டீச்சர் மாதிரி, முகத்தில் ஒன்றுமே இல்லாமல். "என்னடா பண்ற?" "சும்மா." "சும்மான்னா?" "வாடை வருதான்னு பாத்தேன். தினம் பாப்பேன்மா, வேன்ல. மூடிய லேசாத் தொறந்து பாப்பேன். வரலைன்னா ஓகே." சொல்லிவிட்டு இன்னொரு ஷூவைத் தேடப் போய்விட்டாள். தினமும். வேனில். நான் ஒளித்துவைத்து அனுப்பியதை அவள் தினமும் வழியில் திறந்து, ஒளிந்திருக்கிறதா என்று பார்த்து, நிம்மதியாகி மூடியிருக்கிறாள். எதைத் தேடுகிறோம் என்றுகூடத் தெரியாமல். எனக்குப் பதினோரு வருஷம் பிடித்தது, இவள் ஆறு வயதிலேயே கற்றுவிட்டாள். போனை எடுத்து அவலை அழித்தேன். ஒவ்வோர் எழுத்தாக அழித்தேன், மொத்தமாக அழிக்க எனக்குத் தெரியாது. பிறகு மைதிலியைக் கூப்பிட்டேன். மணி ஏழு பதினெட்டு.

"சொல்லுங்கோ அக்கா" என்றாள், பின்னால் பஸ் இரைச்சல், நடத்துநர் யாரையோ உள்ளே போகச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று நேற்றிலிருந்து கோத்து வைத்த வாக்கியமெல்லாம் எங்கேயோ போய்விட்டது. "மைதிலி, நான் பணியாரத்துல முட்டை போடுவேன்" என்றேன். "என்னது? கேக்கலை." "முட்டை." "எட்டா?" "முட்டை, மைதிலி! மாவுல முட்டை ஊத்துவேன், அதான் மெத்துனு வரும்!" இவ்வளவு உரக்க இந்த வார்த்தையை நான் எப்போது சொன்னேன்? வீடு முழுக்கக் கேட்டிருக்கும். இரைச்சல் மட்டும் வந்தது, அவள் போனை வைத்துவிட்டாள் என்று நினைத்தேன். பிறகு, "தெரிஞ்சா வெச்சீங்க?" இந்தத் தடவை அக்கா என்று சேர்க்கவில்லை. "சம்யு சாப்பிடுறது நேத்துதான் தெரியும். ஆனா நீங்க அன்னைக்கு ஸ்கூல் வாசல்ல கேட்டப்ப நான் சிரிச்சேன். நாங்க எல்லாம் சாப்பிடுவோம். அதை அப்பவே சொல்லியிருக்கணும்." "நேத்து சாயங்காலம் மெசேஜ் அனுப்பினேனே. நேத்தே சொல்லியிருக்கலாம் இல்ல?" "சொல்லியிருக்கலாம்." "கட்டைவிரல் அனுப்பினீங்க." "ஆமா." அவள் அழுகிறாளா, கோபப்படுகிறாளா என்று அந்த இரைச்சலில் பிரித்துப் பார்க்க முடியவில்லை. "எங்க மாமியாருக்குத் தெரிஞ்சா…" என்று ஆரம்பித்து விட்டுவிட்டாள். "இன்னைக்குச் செஞ்சதுல இல்லை. சத்தியமா இல்லை, மைதிலி." நம்புவதற்கு அவளிடம் என்ன இருக்கிறது? நான் சொன்ன வார்த்தை ஒன்று, என் இரண்டு சிரிப்பு. பஸ் எங்கேயோ நின்று கிளம்பியது. "அவகிட்ட இன்னைக்கு ஸ்நாக்ஸுக்கு ஒண்ணுமே இல்லையே" என்றாள், என்னிடம் சொல்கிற மாதிரி இல்லை. பிறகு குரலைச் சரிசெய்துகொண்டு, மரியாதையாக, "வாழைப்பழம் இருக்கா வீட்ல? இருந்தா ஒண்ணு குடுத்து விடுங்கோ. போதும்" என்றாள். வைத்துவிட்டாள்.

பழம். தோலோடு. யார் வீட்டில் இருந்தாலும், யார் கை பட்டாலும், உள்ளே இருப்பது தன்பாட்டுக்கு இருக்கும். எனக்கு வலித்தது, வலிக்காமல் எப்படி இருக்கும், ஆனால் அந்த வலிக்குப் பக்கத்திலேயே இன்னொன்றும் இருந்தது. அவள் ஒன்றுமே வேண்டாம் என்று சொல்லவில்லை. இந்தக் காலையில், அந்தப் பஸ்ஸில், என் வீட்டிலிருந்து அவள் எடுத்துக்கொள்ள முடிகிற ஒரே பொருளைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டிருக்கிறாள். சாமிப் படத்துக்கு முன்னால் தட்டில் நான்கு பூவன் பழம் இருந்தது. ஒன்று காம்பில் வெடித்திருந்தது, ஒன்றின் வயிற்றில் நகம் பட்ட மாதிரி ஒரு கீறல். திருப்பித் திருப்பிப் பார்த்துத் தோல் எங்கேயும் பிரியாத ஒன்றை எடுத்தேன், கழுவினேன், துண்டால் துடைத்தேன். திரும்பினால் நறுமுகை இரண்டு ஷூவும் போட்டுக்கொண்டு வாசற்படி நிலையில் சாய்ந்து நின்றாள். "நான் சாப்பிட்டதுலயா?" என்றாள். "ஆமா." "எல்லா நாளுமா?" "பணியாரம் வச்ச நாளெல்லாம்." எதையோ தேடுகிற மாதிரி நாக்கை வாய்க்குள் சுழற்றினாள். "வாடையே வரல." "ஏலக்காய் போட்டேன்." "சம்யு சாப்பிட்டதுலயும்?" "ஆமாடா." "அவளுக்குத் தெரியுமா?" "அவங்கம்மாகிட்ட இப்பதான் சொன்னேன்." அவள் முகம் மெல்ல உடைந்தது. "ஏம்மா சொன்ன?" எனக்கு நிறையப் பதில் தெரியும், எல்லாம் பெரியவர்களுக்கானவை. கீழே வேன் ஹாரன். பையைத் தூக்கிக்கொண்டு கையைப் பிடித்து இறங்கினேன், இரண்டு மாடி, முப்பத்தாறு படி. "சம்யுகிட்ட சொல்லிறாதம்மா" என்றாள் முதல் திருப்பத்தில். அடுத்த திருப்பத்தில் மறுபடியும். மூன்றாவது திருப்பத்தில் கையை என் கையிலிருந்து உருவிக்கொண்டாள். "என்கிட்ட ஒளிச்சிட்டல்ல நீ" என்றாள் கடைசிப் படியில், என்னைப் பார்க்காமல். "ஆமா. இனிமே ஒளிக்க மாட்டேன்." "முட்டை போட்டா போட்டேன்னு சொல்லணும்." "சொல்றேன்." "நான் வேணாம்பேன்." "வேணாம்னு சொல்லு." அப்போது டாக்டர், தராசு, இருநூறு கிராம் எல்லாம் ஞாபகம் வந்தன. பையை அவள் தோளில் மாட்டினேன்.

வேன் ஜன்னலுக்கு வெளியே சம்யு பாதி உடம்பு வந்து தொங்கிக்கொண்டிருந்தாள், முன்பல் இல்லாத சிரிப்பு, கன்னத்தில் வெயில். "ஆன்ட்டி, எனக்கு ஆறா?" என்று இரண்டு கையையும் நீட்டினாள். பழத்தை வைத்தேன். அவள் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "பணியாரம்?" "இன்னைக்கு இதுதான்டா கண்ணு. அம்மா இதைத்தான் குடுக்கச் சொன்னாங்க." "ஏன் ஆன்ட்டி?" "சாயங்காலம் அம்மா சொல்லுவாங்க." "தலைய உள்ள இழு பாப்பா" என்று டிரைவர் சத்தம் போட்டார், "ஏறும்மா, ஏறு, ரெண்டாவது டிரிப் இருக்கு எனக்கு." நறுமுகை ஏறினாள். பக்கத்து இடத்தில் வைத்திருந்த தன் பையைச் சம்யு எடுத்துக்கொள்ள, இவள் அங்கே போய் உட்கார்ந்தாள். பையைத் திறக்கவில்லை, டப்பாவை எடுக்கவில்லை, மோந்து பார்க்கவில்லை. நேரே பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டு வருஷம் இதே மாதிரி நேரே பார்த்துக்கொண்டுதான் போனாள். வேன் உறுமியது. அப்போது அவள் சம்யுவின் பக்கம் திரும்பினாள். ஒரு கையைக் குவித்து அவள் காதில் வைத்தாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அவள் உதடு குவிவது தெரிந்தது, முட்டை என்ற வார்த்தையின் முதல் எழுத்துக்கு உதடு அப்படித்தான் குவியும். சம்யுவின் கண் பெரிதாகி, ஜன்னல் வழியாக, நேராக என்னிடம் வந்து நின்றது. என் கை எழுந்தது. வேண்டாம் என்று என் உதட்டுக்கு விரலைக் கொண்டுபோகத்தான் எழுந்தது, எத்தனையோ வருஷமாக அதற்குத் தெரிந்த வழி அதுதான். பாதியில், கன்னத்துக்குப் பக்கத்தில், அதை நிறுத்தினேன். விரல்களை விரித்து, இன்னும் கொஞ்சம் மேலே தூக்கி, இரண்டு பேருக்கும் டாட்டா காட்டினேன்.